வளவுக் கொய்யா

செட்டிக்குளம் முகாமிலிருந்து 2010இல் ஊருக்குத் திரும்பியபோது எங்கள் வளவில் வீடு இருக்கவில்லை. கிணற்றடிக்குப் பின்னால் ஒரு கொய்யாமரம் மட்டும் நின்றது. நாங்கள் நட்டதல்ல. ஏதோ குருவி போட்ட விதையாக இருக்கவேண்டும். அந்தப் பக்கம் மிதிவெடி எடுத்து முடியும்வரை நாடா கட்டியிருந்தார்கள். பழங்கள் நாடாவுக்கு அப்பால் விழுந்து அழுகும். என் மகள் இங்கால் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். நாடாவை எடுத்த பிறகும் எனக்கு அந்தப் பக்கம் போக மனம் வரவில்லை.

2012இல் எனக்கு உடம்பு சோர்ந்தது. நாலு வாளி தண்ணீர் அள்ளினால் நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும். கிளினிக்கில் இரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8. பெண்களுக்கு 12க்குக் குறையக்கூடாது. இரும்புச்சத்துக் குளிசை தந்தார்கள். அதைப் போட்டால் வயிறு இறுகியது, மலம் கறுப்பாகப் போனது. நான் பயந்துவிட்டேன்.

அந்த நேரம்தான் தெரிந்த ஒருத்தி ஒரு போத்தலுடன் வந்தாள். வெளிநாட்டுப் பழச்சாறாம். ஒட்சியேற்ற எதிரிகள் நிறைந்ததாம், எல்லா வருத்தத்துக்கும் நல்லதாம், இனிக் குளிசை தேவையில்லையாம். மகளின் சப்பாத்துக்கு வைத்திருந்த சீட்டுக்காசில் 4,500 ரூபா கொடுத்தேன். குளிசையை நிறுத்தினேன். ஒன்றரை மாதத்தில் கச்சான் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது விழுந்தேன். திரும்பப் பார்த்தால் 7.

வீட்டுக்கு வந்த மருத்துவமாது என்னை ஏசவில்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். சோறு, பருப்பு, முருங்கையிலை வறை, கையோடு ஒரு தேத்தண்ணி என்றேன். அவர் வெளியே பார்த்தார்.

"அக்கா, உந்தப் பழத்தை ஆர் சாப்பிடுறது?"

"அணிலும் கிளியும்."

பிறகு திண்ணையில் இருந்து விளங்கப்படுத்தினார். இலைவகையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடம்பில் இலேசில் சேராது. அதே சாப்பாட்டோடு விற்றமின் சி போனால் கூடுதலாகச் சேரும். சாப்பாட்டோடு குடிக்கும் தேயிலைச்சாயமோ அதைத் தடுக்கும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி உண்டு. தோடம்பழத்தில் அதன் கால்வாசிதான். அவித்தால் அது குறைந்துவிடும் என்பதால் பச்சையாகவே சாப்பிடவேண்டும். இந்த விற்றமின் சியும் ஓர் ஒட்சியேற்ற எதிரிதான். வாழைப்பூ அரியும்போது கறுக்காமல் தேசிப்புளித் தண்ணீரில் போடுகிறோமே, அங்கே நடப்பதில் ஒரு பங்கும் அந்த வேலைதான். இத்தனை நாளும் அதைச் செய்துகொண்டே, அதே பெயரைச் சொன்ன போத்தலுக்குக் காசு கொடுத்திருக்கிறேன்! கொய்யாவின் நார்ச்சத்து குளிசையால் வரும் மலச்சிக்கலுக்கும் உதவும். மலம் கறுப்பது குளிசையால்தான், பயப்படத் தேவையில்லை என்றும் சொன்னார்.

ஒன்றை மட்டும் இரண்டு தரம் சொன்னார்: "பழம் குளிசைக்குப் பதில் இல்லை. இரண்டும் வேணும்."

அன்று பின்னேரம் மகளும் நானும் கிணற்றடிக்குப் பின்னால் போனோம். அவள் முதலில் போனாள். மத்தியானச் சாப்பாட்டோடு ஆளுக்கொரு பழம், கழுவித் தோலோடு. தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. குளிசையை விடவில்லை. பழம் இல்லாத மாதங்களில் வறையை இறக்கியபின் தேசிக்காய் பிழிந்தேன். மூன்று மாதத்தில் 10.6, ஆறு மாதத்தில் 12 வந்தது. மகள் பெரியபிள்ளையானபோது அவளுக்கும் இதே பழக்கம்தான். மாதாமாதம் இரத்தம் போகும் பிள்ளைகளுக்கும் இரும்பு வேண்டுமல்லவா, தோழியரே.

போத்தல் விற்றவளோடு எனக்குக் கோபமில்லை. அவளும் என்னைப்போல் தனியே பிள்ளைகளை வளர்ப்பவள்தான். தன் காதுத்தோட்டை அடகுவைத்து அந்தப் போத்தல்களை எடுத்திருந்தாள் என்று பிறகுதான் தெரியவந்தது. விற்காமல் கிடந்ததைத் தானே குடித்து முடித்தாளாம். இப்போது பழக் காலத்தில் பனையோலைப் பெட்டியோடு வருவாள். பழ ஈ குத்தாமல் இருக்கப் பிஞ்சிலேயே கடதாசிப் பை கட்டிவிடுகிறேன். கட்டினதெல்லாம் அவளுக்கும் எனக்கும். கட்டாததை அணில் பார்த்துக்கொள்ளும்.