முல்லைன்னு கூப்பிட்டா திரும்பாது!

பிள்ளைக்குப் பெயர் வைக்க நட்சத்திரம் இருக்கிறது, எண்கணிதம் இருக்கிறது, தாத்தா பாட்டி பெயர் இருக்கிறது. நாய்க்கு மணி, மாட்டுக்கு லட்சுமி. பூனைக்குத்தான் அப்படி ஊரறிந்த பெயர் எதுவும் கிடையாது. பெரும்பாலான வீடுகளில் 'பூஸ்... பூஸ்' என்று கூப்பிடுவதோடு சரி. அதனாலேயே பூனைக்குப் பெயர் வைப்பது பெரிய வேலை. எங்கள் வீட்டில் ஒன்பது நாள் ஆனது.

எங்களுக்கு மன்னார்குடி பக்கம். புரட்டாசி மழையில் ஒரு நாள், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறக் குட்டி ஒன்று ஒண்டிக்கொண்டிருந்தது. பெண் குட்டி. பால் வைத்தால் குடிக்கும், தொட்டால் ஒதுங்கும். பொழுது சாய்ந்தால் ஜன்னல் கட்டையில் ஏறி உட்கார்ந்து வாசலையே பார்க்கும்.

பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்கு அதுதான் பிடித்துவிட்டது. "இது சாதாரணப் பூனை இல்லம்மா. ஏதோ சோகம் இருக்கு. கதைப் புத்தகத்துலேர்ந்து எறங்கி வந்த மாதிரி ஒரு பேர் வைக்கணும்" என்றாள். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுப்பவள். அதனால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் 'பொன்னியின் செல்வன்' நந்தினி. மர்மமும் கோபமும் சோகமும் கலந்த பெயர். "எதிர்வீட்டு மருமக பேரு நந்தினி. நீ வாசல்ல நின்னு 'நந்தினி, பாலைக் கொட்டிட்டியா சனியனே'ன்னு கத்துனா என்னாகும்?" என்றார் என் மாமியார். அத்தை சொன்னது நியாயம்தான்.

அடுத்து பூங்குழலி. நம்ம கோடிக்கரைப் பெண், தனியாகப் படகு விடுபவள். குணம் அச்சாகப் பொருந்தியது. ஆனால் 'பூங்...குழ...லி' என்று கூப்பிட்டு முடிப்பதற்குள் பூனை மதில் தாண்டிவிடும்.

நான் ஆசைப்பட்டது 'மௌனி'. சிதம்பரத்தில் வாழ்ந்த சிறுகதை எழுத்தாளர். மணி என்ற அவருக்கு அந்தப் புனைபெயரைச் சூட்டியவர் பி.எஸ். ராமையா. இரண்டு டஜன் கதைகள்தான் எழுதினார். எல்லாவற்றிலும் அந்தி வேளையும் ஏக்கமும்தான். ஆனால் எங்கள் குட்டி விடியற்காலை நாலு மணிக்கே ஊரைக் கூட்டியது. மௌனி என்று வைத்தால் கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

மகள் செல்போனில் தேடி 'புளூட்டோ' என்றாள். எட்கர் ஆலன் போ 1843-ல் எழுதிய கறுப்புப் பூனைக் கதையில் வரும் பெயர். அந்தப் பூனைக்கு நடக்கும் கொடுமையைச் சொன்னதும் அவளே வேண்டாம் என்றுவிட்டாள். கம்பன்கூட ராமாயணத்தின் தொடக்கத்தில், பாற்கடலை நக்கிக் குடிக்கப் புறப்பட்ட பூனை என்று தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறார். ஆனால் பெண் குட்டிக்குக் கம்பன் எப்படிப் பொருந்தும்?

"பூனைக்குப் பேர் எதுக்குடி? பூனைன்னா பூனை" என்றார் அத்தை. அவருக்குத் தெரியாது, ஜப்பானில் நாட்சுமே சோசெகி என்ற நாவலாசிரியர் அவர் கட்சிதான். 1905-ல் அவர் எழுதத் தொடங்கிய நாவலில் கதை சொல்வதே ஒரு பூனை. கடைசிவரை அதற்குப் பெயர் கிடையாது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் குட்டி ஜன்னலில் உட்கார்ந்தபடி கொட்டாவி விட்டது. வாய்க்குள் கூர்கூராக, வெள்ளையாக, சின்னச் சின்னப் பற்கள். வகுப்பில் எத்தனையோ முறை நடத்திய பாட்டு சட்டென்று ஞாபகம் வந்தது. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் என்ற பெண்புலவர், முல்லை அரும்பைக் காட்டுப்பூனையின் சிரிப்போடு ஒப்பிட்டிருக்கிறார். பூனைக்கு அந்தக் காலத்தில் வெருகு என்று பெயர்.

"முல்லை" என்றேன். மகளுக்குப் பிடித்துவிட்டது. அத்தைக்கும் வாயில் நுழைந்தது.

அந்தப் பாட்டில் பூனையின் சிரிப்பு மட்டும் இல்லை. கார்காலம் வந்துவிட்டது, முல்லை பூத்துவிட்டது, வண்டு மொய்க்கிறது, பொருள் தேடிப் போன மனுஷனைத்தான் காணோம் என்று ஒரு பெண் தன் தோழியிடம் சொல்கிறாள். முல்லைத் திணைக்கு உரிய ஒழுக்கமே காத்திருப்பதுதான். ஆவணியும் புரட்டாசியும் அதன் பருவம், மாலை அதன் பொழுது.

என் வீட்டுக்காரர் 11 வருஷமாகக் குவைத்தில் ஏசி மெக்கானிக். ஆவணியில் வருவதாகச் சொல்லியிருந்தார். ஆள் இல்லை என்று லீவைத் தள்ளிவிட்டார்கள். "பொங்கலுக்குத்தான் முடியும்போல" என்றபோது, "பரவாயில்லைங்க, இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றேன். 11 வருஷமாக நான் சொல்லும் ஒரே வசனம் அது. அத்தைக்குச் சர்க்கரை கூடினாலும் சரி, கூரை ஒழுகினாலும் சரி, நல்லா இருக்கோம். அவ்வளவு தூரத்தில் இருப்பவரிடம் வேறு என்ன சொல்வது?

அன்று ராத்திரி வீடியோ காலில் குட்டியைக் காட்டி பெயரைச் சொன்னேன். "பூ பேரா? நல்லாருக்கே" என்றார். அவர் ஐ.டி.ஐ. படித்தவர், சங்க இலக்கியம் பக்கம் வந்ததில்லை. மகள் தூங்கிப் போயிருந்தாள். பாட்டின் அர்த்தத்தைப் பாடம் நடத்துவதுபோல முழுதாகச் சொன்னேன். பொருள் தேடிப் போனவர் என்ற இடம் வந்ததும் என் குரல் கொஞ்சம் மாறிவிட்டது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், இருந்தார். "அப்ப நான் வந்துட்டா பேரை மாத்திடுவியா?" என்றார்.

"வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றேன்.

பொங்கலுக்கு வந்தார். 40 நாள் இருந்தார். முல்லை இரண்டு நாள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தது. மூன்றாம் நாள் அவருடைய பெட்டிக்கு மேலேயே படுத்துத் தூங்கியது. திரும்பிப் போவதற்கு முந்தின ராத்திரி, முதல்முறையாகக் கணக்குப் போட்டுப் பேசினோம். வீட்டுக் கடனில் பாக்கி எவ்வளவு, மகள் காலேஜ் செலவு எவ்வளவு, மன்னார்குடியில் சின்னதாக ஒரு ஏசி சர்வீஸ் கடை போட என்ன ஆகும் என்று நோட்டில் எழுதினோம். இன்னும் மூன்று வருஷம் என்று வந்தது. நீண்ட காலம்தான். ஆனாலும் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெயரை மாற்றவில்லை.

பூனைகளுக்குத் தங்கள் பெயர் தெரியும் என்று 2019-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மற்ற சொற்களிலிருந்து அதைப் பிரித்து அறிகின்றனவாம். எங்கள் முல்லைக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். கூப்பிட்டால் காது மட்டும் லேசாக ஆடும். திரும்பாது. பால் பாக்கெட்டைக் கத்தரிக்கும் சத்தத்துக்குத்தான் ஓடி வரும்.

இப்போதெல்லாம் அவர் போன் செய்தால் முதல் கேள்வி, "முல்லை எப்படி இருக்கு?" என்பதுதான். "என்னைக்கூட இவ்வளவு விசாரிக்கிறதில்ல" என்று மகள் சிணுங்குகிறாள். "நல்லா இருக்கு" என்று நான் சொல்வதில்லை. "வாசலைப் பார்த்துக்கிட்டு இருக்கு" என்றுதான் சொல்கிறேன்.