பாப்பா நடையில் ஒரு பனிமலைப் பயணம்

“ஏன்டா, இந்தப் பச்சப்புள்ளயக் கொண்டுபோய்ப் பனியில நிறுத்தவா போற?”

விமானச் சீட்டு வாங்கிவிட்டேன் என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி இது. என்னிடம் பதில் தயாராக இருந்தது. மகளுக்கு இரண்டு வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதற்குள் போய் வந்துவிட்டால் மடியிலேயே வைத்துக்கொள்ளலாம், தனி இருக்கைக்குப் பணம் கட்ட வேண்டாம். பாலர் பள்ளிக்கும் போகாதவள் என்பதால் டிசம்பர் விடுமுறைக் கூட்டத்தில் சிக்க வேண்டியதில்லை. பொங்கல் முடிந்து ஜனவரிக் கடைசியில் போனால் மலையில் பனியும் நன்றாக இறங்கியிருக்கும்.

எல்லாக் கணக்கையும் போட்டுவிட்டேன். பாப்பாவுக்கு அங்கே என்ன பிடிக்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

நான், மனைவி, மகள், அம்மா என நால்வரும் கிளம்பினோம். போன இடம் ஜப்பானின் நீகாத்தா வட்டாரத்தில் உள்ள எச்சிகோ யுசாவா.

சுரங்கத்துக்கு அந்தப் பக்கம்

யுசாவாவைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அங்கே காரில் போக வேண்டியதில்லை. வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில் குழந்தை வாந்தி எடுக்குமோ என்ற பயம் இல்லை. தோக்கியோவில் ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் 80 நிமிடத்தில் மலையடிவாரத்தில் இறங்கிவிடலாம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் தனி இருக்கை எடுக்காவிட்டால் கட்டணமும் இல்லை. பெரிய பெட்டிகளை முதல் நாளே தோக்கியோ ஹோட்டலிலிருந்து விடுதிக்கு அனுப்பிவிட்டோம். அந்தச் சேவை ஜப்பான் முழுவதும் இருக்கிறது. ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பால்புட்டிப் பையுமாகப் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

வழியில் 22 கிலோமீட்டர் நீளமுள்ள தாய்ஷிமிசு சுரங்கம் வருகிறது. ரயில் அதற்குள் நுழையும்போது வெளியே நீல வானம், காய்ந்த வயல்கள். சில நிமிடம் இருட்டு. வெளியே வந்ததும் கூரை, மரம், மின்கம்பம் எல்லாம் வெள்ளை. நோபெல் பரிசு பெற்ற யசுநாரி கவாபட்டாவின் ‘பனிநாடு’ நாவலும் இந்த மலையைக் குடைந்து வரும் ஒரு ரயிலில்தான் தொடங்குகிறது. அது 1931ல் திறந்த பழைய சுரங்கம்.

ஒரு மலைக்கு இரண்டு பக்கமும் இப்படி இரண்டு வானிலை இருப்பதற்குக் காரணம் காற்று. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று, ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இந்த மலைகளில் மோதி மேலே ஏறியதும் அந்த ஈரத்தையெல்லாம் பனியாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி தோக்கியோ பக்கம் வரும்போது காற்றில் ஈரம் அதிகம் மிச்சமிருப்பதில்லை.

அம்மா ஜன்னலில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு பார்த்தார். அவர் பிறந்து வளர்ந்தது வேதாரண்யம் பக்கம். பனி என்றால் அவருக்கு மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்பதுதான். கொஞ்ச நேரம் கழித்து, “உப்பளம் மாதிரியே இருக்குடா” என்றார்.

கால் வைக்க மறுத்த பாப்பா

ஊரெங்கும் சாலை நடுவில் சின்னச் சின்னக் குழாய்களிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. நிலத்தடி நீர் குளிர்காலத்திலும் உறைபனியைவிடச் சூடாக இருப்பதால், அதைத் தெளித்துச் சாலைப் பனியைக் கரைக்கிறார்கள். அந்த நீரில் உள்ள இரும்புச் சத்தால் சாலைகள் துருப்பிடித்ததுபோல் செம்பழுப்பாக இருக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தள்ளுவண்டியோடு வருபவர்களுக்குச் சோதனை. பாதி கரைந்த பனிச்சகதியில் எங்கள் வண்டியின் சக்கரம் நகரவே இல்லை. முதல் அரை மணி நேரத்திலேயே அதை விடுதியில் மடித்து வைத்துவிட்டு, முதுகில் சுமக்கும் பையில் பாப்பாவை உட்காரவைத்தோம்.

மாலையில் விடுதிக்கு வெளியே அவளைப் பனியில் இறக்கிவிட்டேன். கைப்பேசிக் கேமரா தயார். மனைவி தயார். அம்மாவும் சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றார்.

பாப்பா வீறிட்டு அழுதாள். கால் பனிக்குள் இறங்கியதும் பயந்துபோய் என் காலைக் கட்டிக்கொண்டாள். மறுபடி இறக்கினேன். மறுபடி அழுகை. தடித்த உடுப்பில் கையை மடக்கக்கூட முடியாமல், ஊதிய பலூன்போல நின்று அழுதாள். எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் திறந்த வாய்தான் இருக்கிறது.

அன்றிரவு மறுநாள் திட்டத்தை மனைவியிடம் காட்டினேன். காலையில் ரோப்வேயில் மேலே போவது, அங்கே நடை, மதியம் எனக்குப் பனிச்சறுக்குப் பயிற்சி, மாலையில் வெந்நீர் ஊற்று.

“ஏங்க, இதுல பாப்பா எப்போ தூங்குவா?” என்று கேட்டாள்.

“முதுகிலேயே தூங்கிக்குவா” என்றேன்.

மலைமேல் அரை மணி நேரம்

யுசாவாவின் ரோப்வேயில் ஒரே நேரத்தில் 166 பேர் ஏறலாம். ஒரு பேருந்தே அந்தரத்தில் போவதுபோல் இருக்கும். மேலே போனதும் காற்று முகத்தில் அறைந்தது. ஆனால் காட்சி அற்புதம். கீழே ஊர் தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல் தெரிந்தது. பாப்பாவை முதுகில் சுமந்தபடி நான் பனியில் நடக்க ஆரம்பித்தேன். முழங்கால்வரை புதையும் பனியில் பத்தடி வைப்பதே உடற்பயிற்சி. எனக்கு வியர்த்துவிட்டது. கழுத்துத் துணியைக்கூடக் கழற்றினேன்.

பாப்பா முதலில் சிணுங்கினாள். பிறகு அமைதியாகிவிட்டாள்.

“தூங்கிட்டா போல” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

மனைவி தன் கையுறையைக் கழற்றி, பாப்பாவின் கழுத்துக்குப் பின்னால் விரலை வைத்தாள். “ஏங்க, உள்ள போங்க. ஓடுங்க” என்றாள். அவள் குரல் மாறியிருந்தது.

பாப்பா தூங்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு பேசாமல் இருந்தாள். உதடு வெளுத்திருந்தது. உணவகத்துக்குள் ஓடினோம். காலணியைக் கழற்றினால் உள்ளே பனி புகுந்து காலுறை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. முதல் நாள் அவளை மறுபடி மறுபடி பனியில் இறக்கிவிட்டபோது காலணி உள்ளே ஈரமாகியிருக்க வேண்டும். நான் அதைக் காயவைக்கவும் இல்லை, காலையில் கைவிட்டுப் பார்க்கவும் இல்லை.

ஈரத் துணிகளைக் கழற்றிவிட்டு, மனைவி அவளைத் தன் சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து, மேலே குளிராடையை மூடிக்கொண்டாள். அம்மா அந்தச் சின்னப் பாதங்களைத் தன் உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டார். நான் வெதுவெதுப்பான பாலை வாங்கிவந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். அம்மா என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

இருபது நிமிடம் கழித்து பாப்பா ஓங்கி அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுத்தான் எங்களுக்கு மூச்சு வந்தது.

பனிச்சறுக்குப் பயிற்சிக்குக் கட்டிய பணம் போனது. நாங்கள் அடுத்த ரோப்வேயில் கீழே இறங்கிவிட்டோம்.

அன்று புரிந்தவை

பனி நாட்டுக்குக் குழந்தையோடு போகும் பெற்றோர் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுமக்கும் நமக்குத்தான் உடல் சூடாகும். சுமக்கப்படும் குழந்தை அசையாமல் உட்கார்ந்திருப்பதால் அதன் உடல் நம்மைவிட வேகமாகக் குளிர்ந்துவிடும். நமக்கு வியர்ப்பதை வைத்துக் குழந்தைக்கும் போதும் என்று முடிவு செய்யக்கூடாது. கை கால் சில்லென்று இருப்பது சாதாரணம்தான். கழுத்தின் பின்புறத்தையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். அங்கேயும் குளிர்ந்திருந்தால் உடனே உள்ளே போய்விடுங்கள். சுறுசுறுப்பான குழந்தை திடீரென்று அமைதியானால் அதை நல்லதென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சூடாக்கியும் சோர்வு நீங்காவிட்டாலோ, எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டாலோ தாமதிக்க வேண்டாம். ஜப்பானில் ஆம்புலன்ஸ் எண் 119.

உடுப்பிலும் நாங்கள் தவறு செய்திருந்தோம். சிங்கப்பூர் வெயிலுக்குப் பழகிய நாம் பருத்தியே நல்லது என்று நினைப்போம். பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஈரம் சூட்டை இழுத்துவிடும். உடலை ஒட்டி மெல்லிய கம்பளியோ செயற்கை இழையோ, அதன்மேல் சூடு காக்கும் ஒன்று, வெளியே தண்ணீர் புகாத ஒன்று என மூன்று அடுக்கு போதும். கையுறையும் காலுறையும் மாற்றுக்கு இரண்டு செட் பையிலேயே இருக்கட்டும். வெளியே அரை மணி நேரம் இருந்தால், உள்ளே அரை மணி நேரம்.

வெந்நீர் ஊற்றுக்குப் போகும் ஆசை இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். டயப்பர் போடும் வயதுக் குழந்தைகளைப் பொதுக் குளியலிடத்தில் பல விடுதிகள் அனுமதிப்பதில்லை. குடும்பத்துக்கென்று தனியாக முன்பதிவு செய்யும் குளியலறைகள் சில இடங்களில் உண்டு.

ஒரு வாளிப் பனி

மூன்றாம் நாள் திட்டத்தை நான் அழித்துவிட்டேன். எங்கும் போகவில்லை.

காலையில் விடுதிக்கார அம்மையார் பின்பக்கம் பனியை வாரிக்கொண்டிருந்தார். எழுபது வயதாவது இருக்கும். பாப்பா கதவோரம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சிரித்துக்கொண்டே ஒரு சின்னப் பிளாஸ்டிக் வாளியையும் கரண்டியையும் கொண்டுவந்து நீட்டினார். பாப்பா என் கையை விட்டாள். இரண்டு நாளாக அழுத அதே பனியில் தானாகவே காலை வைத்தாள். ஒரு கரண்டிப் பனியை வாரி வாளியில் போட்டாள். கொட்டினாள். மறுபடி வாரினாள். எங்கள் யாரையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பனியில் விளையாடு என்று நாங்கள் சொன்னபோது பயந்தவளுக்கு, பாட்டி செய்யும் வேலையைத் தானும் செய்வதில் பயமே இல்லை.

அரை மணி நேரம் வெளியே, பிறகு உள்ளே. காலுறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி வெளியே. அன்று முழுவதும் இப்படியே போனது.

அம்மாவுக்கு வேறொரு சந்தேகம். விடுதிக்குப் பின்னால் சமமாக, வரப்பு கட்டியதுபோல் கிடந்த அந்த வெள்ளைப் பரப்பு என்ன? கைப்பேசியில் மொழிபெயர்த்துக் கேட்டேன். நெல்வயல் என்றார் அந்த அம்மையார். ஜப்பானில் பெயர்பெற்ற உவோனுமா கோஷிஹிகாரி அரிசி விளையும் வட்டாரம் இது. மலையில் குவிந்த பனி வசந்தத்தில் கரைந்து ஆற்றில் இறங்கும்; மே மாதம் அந்தத் தண்ணீரில்தான் நடவு.

அம்மா கொஞ்ச நேரம் மலையையே பார்த்தார். “அப்போ இதுதான் இவங்களுக்கு மேட்டூர் அணை” என்றார்.

நான் அப்படி யோசித்ததே இல்லை. ரயிலில் வரும்போது எனக்குப் பனி என்பது படம் எடுக்க ஒரு பின்னணி. டெல்டாவில் ஜூன் மாதம் அணை திறக்கும் செய்திக்காக வீடே காத்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவருக்கு, அது தேக்கிவைத்த தண்ணீர்.

அன்றிரவு சோற்றை அம்மா ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். கடையில் வாங்கிய இனிப்பில்லாத தயிரைப் பிசைந்து பாப்பாவுக்கும் ஊட்டினார். அவளும் மறுக்காமல் இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கெல்லாம் தூங்கிவிட்டாள். அவள் கழுத்தின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தேன். கதகதப்பாக இருந்தது. ஊர் திரும்பிய பிறகும் கொஞ்ச நாள் அந்தப் பழக்கம் எனக்குப் போகவில்லை.

நான் இன்னும் பனிச்சறுக்குக் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் சென்ற வாரம் அம்மா நாள்காட்டியைப் புரட்டிக்கொண்டே, “அந்த ஊர்ல நடவு மே மாசம்னுதானே சொன்னாங்க?” என்று கேட்டார்.

பாப்பாவுக்கு இந்த முறை தனிச் சீட்டு வாங்க வேண்டும். வாளியும் கரண்டியும் முதலிலேயே பெட்டிக்குள் போய்விட்டன.