கொட்டகையில் விழுந்த கோல்

நாவல் எழுதுகிறவன் குடியிருக்க நாவலூரைவிடப் பொருத்தமான ஊர் ஏது என்று நண்பர்கள் என்னைப் பரிகாசம் செய்வதுண்டு. பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள எங்கள் ஊரில் இப்போது நாவல் மரத்தைக் காண்பதைவிட அடுக்குமாடிக் கட்டடத்தையும் சினிமாக் கொட்டகையையும் காண்பது சுலபம்.

2019-ம் வருஷத் தீபாவளிக்கு 'பிகில்' வந்தபோது, பக்கத்து வீட்டு அம்மாளும் அவருடைய பன்னிரண்டு வயதுப் பெண்ணும் எங்களோடு கிளம்பினார்கள். பிகில் என்றால் சென்னைப் பேச்சில் ஊதல். படத்தில் ஊதியது நடுவர். கொட்டகையில் ஊதாதவர்கள் நானும் அந்த அம்மாளுந்தான்.

தேறாது என்று பலரும் கைகழுவிய பெண்கள் கால்பந்துக் குழுதான் கதை. அமிலத்தால் முகம் வெந்தவள் ஒருத்தி. கல்யாணமான பின் மைதானத்தையே மறந்தவள் இன்னொருத்தி. விஜய் பயிற்சியாளராக வந்து அவர்களை ஜெயிக்க வைக்கிறார். அம்மாள் முந்தானை நனைய அழுதார்.

இந்த மாதிரிக் கதைக்கு உலகமெங்கும் மவுசு உண்டு. அமெரிக்க சமோவா என்ற குட்டித் தீவு 2001-ல் ஆஸ்திரேலியாவிடம் 31-0 என்று தோற்றது. கணக்குப் பலகையே தடுமாறி முதலில் 32 என்று காட்டிற்றாம்! அவர்களே 2011-ல் டோங்காவை 2-1 என்று ஜெயித்தார்கள். 2023-ல் அது 'நெக்ஸ்ட் கோல் வின்ஸ்' என்ற சிரிப்புப் படமாகவும் வந்துவிட்டது. தோற்றவர்களோடு நமக்கு ஒட்டுறவு அதிகம் அல்லவா?

'பிகில்' பார்த்த மறுவாரம் அந்தச் சிறுமி கால்பந்து பழகப் போவதாகச் சொன்னாள்.

"காலை ஒடித்துக்கொண்டு வந்து நின்றால் யாருடி உன்னைக் கட்டிக்கொள்வான்?" என்றார் அம்மாள்.

"கொட்டகையிலே அப்படி அழுதியே, அம்மா!"

"அது சினிமா, போடி!"

உண்மையில், சினிமாதான் பின்னால் வந்தது. 2018 பிப்ரவரியிலேயே கட்டாக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று ஜெயித்து, முதன்முறையாகத் தேசியக் கோப்பையை வாங்கியிருந்தார்கள். மணிப்பூரோ அந்தக் கோப்பையைப் பிறந்தகத்துச் சீர் மாதிரி திரும்பத் திரும்ப எடுத்துப் போன மாநிலம்! 2019 மே மாதம் மதுரையின் சேது கழகம் லூதியானாவில் இந்தியப் பெண்கள் லீக்கையும் வென்றது. இரண்டு குழுவிலும் ஆடியவர் கடலூர் இந்துமதி கதிரேசன். இவ்வளவுக்கும் நம் தெருக்களில் ஒரு சரவெடிகூட வெடிக்கவில்லை.

மறு வருஷம் ஊரடங்கின்போது, இந்துமதி போலீஸ் உதவி ஆய்வாளராகச் சென்னைத் தெருவில் காவல் நின்ற செய்தியை அந்த அம்மாளிடம் சொன்னேன். கோலைப் பற்றியோ கோப்பையைப் பற்றியோ அவர் விசாரிக்கவில்லை.

"பந்து ஆடினால் சர்க்கார் உத்தியோகம் கிடைக்குமா, சார்?" என்றுதான் கேட்டார்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால், அதைவிட நியாயமான கேள்வி வேறில்லை. கதைக்காரர்கள் நாங்கள் கோப்பையைக் கையில் கொடுத்து 'சுபம்' போட்டுவிடுகிறோம். பெண்ணைப் பெற்றவளுக்கோ மறுநாள் காலையிலிருந்துதான் கதையே ஆரம்பமாகிறது.

2023 ஜூனில், அமிர்தசரஸில், தமிழ்நாட்டுப் பெண்கள் அதே கோப்பையை மறுபடியும் ஜெயித்தார்கள். அவர்களுக்கு நம் விசில் மட்டும் போதாது. பழக மைதானம் வேண்டும். ஆடி முடித்த பிறகு சோறு போட ஓர் உத்தியோகம் வேண்டும். இவற்றை எந்தக் கதாநாயகனாலும் மூன்று மணி நேரத்தில் வாங்கித் தந்துவிட முடியாது.