ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால்

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லை என்றால் சேமித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படியுங்கள். ஆனால் படித்துவிடுங்கள். என்றாவது ஒருநாள் உங்கள் வீட்டிலும் தேவைப்படும்.

சொல்ல வந்தது இதுதான். கணினி கிளம்பவில்லை என்றால் உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் விண்டோஸ் என்ற வாசல் கதவுதான் இறுகிப்போயிருக்கும். பெட்டியும் பாத்திரமும் பத்திரமும் வீட்டுக்குள் வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். கதவு திறக்கவில்லை என்பதற்காக யாரும் வீட்டை இடிப்பதில்லை. கணினி விஷயத்தில் மட்டும் "ஃபார்மட் அடிச்சிரலாம்" என்ற வார்த்தை உடனே வந்துவிடுகிறது.

போன மாதம் என் தங்கை வீட்டில் இதே நிலைமை. மாப்பிள்ளை காலமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது என்பது உறவுகளுக்குத் தெரியும். அவர் மடிக்கணினியைப் பல மாதம் கழித்துத் திறந்தால், ஆட்டோமேட்டிக் ரிப்பேர் என்று காட்டுகிறது, அணைகிறது, மறுபடி அதையே காட்டுகிறது. கடைக்காரர் பார்த்துவிட்டு, விண்டோஸ் போய்விட்டது, புதிதாகப் போட்டுத் தருகிறேன், பழையது எதுவும் இருக்காது என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பழையதில்தான் மொய்க் கணக்கு இருந்தது. மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மொய் என்பது வெறும் அன்பளிப்பு இல்லை. அவர்கள் வீட்டு விசேஷத்தில் நாம் திருப்பிச் செய்ய வேண்டிய கடமை. இரண்டு பிள்ளைகள் கல்யாணத்துக்கு வந்த மொய்யை மாப்பிள்ளை ஊர்வாரியாகக் கணினியில் ஏற்றியிருந்தார். 400 பேருக்கு மேல். பழைய மொய் நோட்டு பீரோவில் இருக்கிறது. ஆனால் யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்தாயிற்று என்பதைக் கணினியில் மட்டும்தான் குறித்து வந்தார்.

"அண்ணே, யாருக்குச் செஞ்சாரு, யாருக்குச் செய்யலைன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. நாளைக்கு ஒருத்தர் பத்திரிகை வச்சா நான் எந்த மொகத்தோட போய் நிப்பேன்?" என்று கேட்டாள். பணத்தைவிட அந்தக் கேள்விதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

பெங்களூரில் வேலை பார்க்கும் நம் மாணவன் ஒருவனுக்குப் போன் போட்டேன். பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். "சார், கடையில குடுத்துராதீங்க. 8 ஜிபி பென் டிரைவ் ஒண்ணு இருக்கா?" என்றான். அன்றைக்கு அவன் வாத்தியார், நான் மாணவன். அவன் சொல்லித் தந்ததை உங்களுக்கு வரிசையாக எழுதுகிறேன்.

நல்ல நிலையில் உள்ள வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்துக்குப் போய் மீடியா கிரியேஷன் டூல் என்ற நிரலை இறக்கிக்கொள்ள வேண்டும். இலவசம்தான். அது பென் டிரைவில் விண்டோஸ் நிறுவும் கோப்புகளை எழுதித் தரும். பென் டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும், அதனால் காலியானதை எடுங்கள். அந்தப் பென் டிரைவைப் பழுதான கணினியில் செருகி, பவர் பொத்தானை அழுத்தியவுடன் பூட் மெனு விசையை விட்டுவிட்டுத் தட்ட வேண்டும். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12. ஹெச்பி என்றால் எஸ்கேப் தட்டிவிட்டு எஃப்9. வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் நிறுவும் திரை வரும்.

இங்கேதான் கவனம் வேண்டும். இன்ஸ்டால் பொத்தானைத் தொடக் கூடாது. மொழி கேட்கும் அந்த முதல் திரையிலேயே ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு எஃப்10 அழுத்துங்கள். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். கறுப்பாக ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். அதுதான் கமாண்ட் பிராம்ப்ட். ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர் என்ற வழியாகப் போய், ட்ரபிள்ஷூட் பகுதிக்குள்ளும் இதைக் காணலாம்.

எங்கள் தலைமுறைக்கு இது புதிய முகம் இல்லை. விண்டோஸ் 95, 98 காலத்தில் 1.44 எம்பி ஃபிளாப்பி ஒன்றில் ஸ்டார்ட்டப் டிஸ்க் செய்து மேசை இழுப்பறையில் போட்டு வைப்போம். கணினி மக்கர் செய்தால் அதைப் போட்டுக் கிளப்புவோம். இதே கறுப்புத் திரைதான் வரும். ஃபிளாப்பி போய் பென் டிரைவ் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தத் திரையில் முதல் எழுத்தாக எக்ஸ் என்று இருந்தது. முப்பது வருடம் கரும்பலகையில் எக்ஸ் எழுதியவனுக்கு எக்ஸ் என்றால் தெரியாத எண். இது என்னப்பா என்று கேட்டேன். பென் டிரைவில் இருக்கும் ஒரு குட்டி விண்டோஸ் கணினியின் ரேம் நினைவகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, தனக்கு எக்ஸ் என்று பெயர் வைத்துக்கொள்கிறதாம். மின்சாரத்தை நிறுத்தினால் அதுவும் மறைந்துவிடும். திண்ணையில் உட்கார்ந்து வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி. பழைய டிஸ்க்கின் மேல் நாமாக எதையும் எழுதச் சொல்லாத வரை அது தொடப்படாது.

முதலில் சி டிரைவில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னான். பார்த்தோம். ஒன்றுமே இல்லை. தங்கை முகம் செத்துவிட்டது. "பதறாதீங்க சார், டி-யில பாருங்க" என்றான். டி-யில் விண்டோஸ், யூசர்ஸ் எல்லாம் வரிசையாக நின்றன. இப்படி வெளியிலிருந்து கிளப்பும்போது டிரைவ் எழுத்துகள் மாறி விழலாம். கணினி கிளம்புவதற்கென்று ஒதுக்கிய சின்னப் பகுதி சி ஆகி, நம்முடைய சி வேறு எழுத்துக்குப் போயிருக்கும். சி காலியாக இருப்பதைப் பார்த்து எல்லாம் போயிற்று என்று நம்பிவிடாதீர்கள்.

யூசர்ஸ் ஃபோல்டருக்குள் மாப்பிள்ளை பெயர், அதற்குள் டாகுமென்ட்ஸ். அங்கே இரண்டு மூன்று பெயர்கள் வெறும் கட்டங்கட்டமாகத் தெரிந்தன. கோப்பு கெட்டுப்போய்விட்டதோ என்று நினைத்தேன். இல்லை. அவர் தமிழில் வைத்த பெயர்கள் அவை. அந்தக் கறுப்புத் திரைக்குத் தமிழ் எழுத்தைக் காட்டத் தெரியாது. காட்டத் தெரியாவிட்டாலும் நகலெடுக்கத் தெரியும், பெயர் மாறாமல் போய்ச் சேரும்.

கட்டளை தட்டத் தயங்குகிறவர்களுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. அந்தத் திரையில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டி எண்டர் அழுத்துங்கள். நோட்பேட் திறக்கும். ஃபைல், ஓப்பன் என்று போய், கோப்பு வகையில் ஆல் ஃபைல்ஸ் தேர்ந்தெடுத்தால் டிரைவ்கள் எல்லாம் தெரியும். வேண்டிய ஃபோல்டரின் மேல் வலது சொடுக்கில் காப்பி, இன்னொரு பென் டிரைவுக்குள் போய்ப் பேஸ்ட். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை வராது, உறைந்துபோனது மாதிரி இருக்கும். பொறுமையாக இருங்கள். போட்டோக்கள் நிறைய இருந்ததால் நாங்கள் அவற்றை ரோபோகாப்பி என்ற கட்டளையால் எடுத்தோம். அது ஒவ்வொரு கோப்பாகத் திரையில் சொல்லிக்கொண்டே போகும்.

நகலெடுத்து முடித்து, பென் டிரைவை என் கணினியில் போட்டுத் திறந்தோம். 'மொய்' என்ற பெயர் தமிழில் அழகாகத் தெரிந்தது. கடைசிக் கட்டத்தில் தேதி போட்டுச் 'செய்தாயிற்று' என்று அவர் கைப்பட அடித்து வைத்திருந்தார். தங்கை அதை ஒவ்வொரு ஊராகப் படித்துக்கொண்டே வந்தாள். நான் வாயே திறக்கவில்லை.

இதில் வரிசை முக்கியம். முதலில் நகல், பிறகுதான் பழுது பார்ப்பது. டிஸ்க்கைச் சோதிக்கும் கட்டளைகளும், கிளம்பும் பகுதியைச் சரிசெய்யும் கட்டளைகளும் பழைய டிஸ்க்கில் எழுதக்கூடியவை. வயதான டிஸ்க் அந்தச் சுமையைத் தாங்காமல் போகலாம். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஃபார்மட் என்ற வார்த்தையையும், டிஸ்க்பார்ட்டுக்குள் கிளீன் என்ற வார்த்தையையும் தட்டவே தட்டாதீர்கள். எங்களுக்கு டிஸ்க் தேய்ந்துபோனதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. வேறு டிஸ்க் மாற்றிவிட்டோம்.

இது வீட்டுக் கணினிக்கு மட்டும் ஆன வித்தை இல்லை. 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பழுதான ஒரு புதுப்பிப்பால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தீர்வு என்ன தெரியுமா? ஒவ்வொரு கணினியாக மீட்புத் திரைக்கோ சேஃப் மோடுக்கோ போய், ஒரேயொரு கோப்பை அழிப்பது. உலகத்தை நிறுத்திய பழுதுக்கும் ஒருவர் எதிரே உட்கார்ந்து பொறுமையாகத் தட்ட வேண்டியிருந்தது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இந்தக் கறுப்புத் திரை எங்களிடம் மாப்பிள்ளையின் பாஸ்வேர்டைக் கேட்கவே இல்லை. எங்களுக்கு வசதி, திருடனுக்கும் அதே வசதி. அதனால்தான் இப்போது வரும் பல மடிக்கணினிகளில் பிட்லாக்கர் முறையில் டிஸ்க்கைப் பூட்டியே தருகிறார்கள். பூட்டிய டிஸ்க்கை இப்படி வெளியிலிருந்து திறக்க 48 இலக்க மீட்பு எண் வேண்டும். அது பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அவர் இல்லாத வீட்டில் அந்தக் கணக்கை யார் திறப்பது? மாப்பிள்ளையின் கணினி பழையது, பூட்டு இல்லை. உங்களுடையது அப்படி இருக்காது.

ஆகவே வீட்டுப்பாடம் மூன்று. ஒன்று, கணினி நன்றாக இருக்கும்போதே அந்தப் பென் டிரைவைச் செய்து, மேலே பெயர் எழுதி வையுங்கள். இரண்டு, 48 இலக்க எண்ணைத் தாளில் எழுதி, ரேஷன் கார்டும் பத்திரமும் இருக்கும் இடத்தில் வையுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது அது எங்கே என்று சொல்லுங்கள். மூன்று, இழக்கக் கூடாத கோப்பு எது என்று இன்றைக்கே யோசித்து, அதற்கு இன்னொரு நகல் எடுங்கள். முடித்தவர்கள் கீழே 'ஆயிற்று சார்' என்று எழுதுங்கள். வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்