முதலில் இத்துப்போவது நூல்

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு காலையில் கரூரில் அந்த வீட்டுக்குப் போனேன். கீழே தையல் மிஷின், மேலே தக்காளிச் செடிகள், நடுவில் பதினைந்து படிகள். வீட்டுக்கார அக்கா பகலில் ஏற்றுமதிக்குத் திரைச்சீலை தைக்கும் யூனிட் ஒன்றில் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிறார். ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் செடிப்பை தைக்கிறார். யூனிட்டில் கழித்துப்போடும் கெட்டி பாலியஸ்டர் துணியின் வெட்டுத்துண்டுகளை எடைக்கு வாங்கி வருவதால் பை மலிவாக முடிகிறது.

துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், "துணி கெடக்கட்டும் கண்ணு, நூலப் பாருங்க" என்றார்.

முதல் வருடம் பருத்தி நூலில்தான் தைத்திருக்கிறார். நாலு மாதம் ஈரத்திலேயே இருந்ததில் துணி நன்றாக இருக்க, நூல் இத்துப்போய்விட்டது. காயும் பூவுமாக நின்ற செடியை இடம் மாற்றத் தூக்கியபோது அடி கழன்று மண்ணெல்லாம் கொட்டிவிட்டது. அன்றிலிருந்து பாலியஸ்டர் நூல், தடித்த ஊசி, எல்லாப் பக்கமும் இரட்டைத் தையல். மஞ்சப்பையிலும் நட்டுப் பார்த்தாராம். பருத்தி ஒரு போகத்தைத் தாண்டவில்லை. அரிசிச் சாக்கு வெயிலில் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

வெட்டும் கணக்கு அவர் வாயில் பாட்டுப்போல வருகிறது. 12 அங்குலப் பைக்குச் சுற்றுத்துணி "மூணு மடங்கு, மேல மூணு அங்குலம்". அதாவது 39 அங்குலம். தையலுக்குப் போக வேண்டியதும் அதிலேயே அடக்கம். அடிக்கு 13 அங்குல வட்டம். நேர்த்துண்டை வட்டத்தோடு சேர்ப்பதில்தான் கைத்திறன் தெரிகிறது. விளிம்பில் விரற்கடைக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன வெட்டுப் போட்டு, இடது கையால் வட்டத்தைத் திருப்பிக்கொண்டே வலது கையால் துணியைக் கொடுக்கிறார். கொஞ்சம் இழுத்தாலும் சுருக்கு விழும். சுருக்கு விழுந்த பை மண் நிரப்பியதும் ஒரு பக்கம் சாயும். கடைசியில் இரண்டு காது. 20 லிட்டருக்குக் குறையாமல் மண் பிடிக்கும், ஒரு தக்காளிச் செடிக்குத் தாராளம். கீரைக்கு உயரம் பாதி போதும்.

மாடியில் நாற்பது பைகள் இருக்கும், எல்லாம் செங்கல் மேல். பெரும்பாலும் பி.கே.எம். 1, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த ரகம்; காம்பைச் சுற்றிப் பச்சை படர்ந்த தட்டைப் பழம். நடுவில் கத்தரியும் மிளகாயும் வெண்டையும். நாற்றை நடும்போது முதல் இலை வரை புதைத்துவிடுகிறார். மண்ணுக்குள் போன தண்டிலும் வேர் விடும் செடி தக்காளி.

காய்ப்பு முடிந்த செடி ஒன்றை எனக்காகக் கொண்டுவந்தார். கத்தரிக்கோல் முனையால் பக்கத் தையலைப் பிரித்தார். துணியை விலக்கியதும் மண் பை வடிவத்திலேயே நின்றது. விளிம்பு முழுக்க வெள்ளை வெள்ளையாக மயிரிழை வேர்கள். வேர் நுனி துணியைத் தொட்டதும் வெளிக்காற்றுப் பட்டுக் காய்ந்து நின்றுவிடுகிறது. உடனே பின்னாலிருந்து பக்க வேர்கள் கிளைக்கின்றன. பழைய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றையும் கவிழ்த்துக் காட்டினார். அதில் வேர்கள் சுவரோரமாகச் சுற்றிச் சுற்றிக் கயிற்றுப் பிரிபோலக் கிடந்தன. நடு மண்ணை அவை தொடவே இல்லை. வெகு நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேருக்குச் சுவாசம் வேண்டும் என்று படித்ததுண்டு. கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதே காற்று தண்ணீரையும் குடித்துவிடும். பக்கத்திலிருக்கும் கரூர் பரமத்தி கோடையில் வானிலை அறிக்கையின் அதிக வெப்பப் பட்டியலில் அடிக்கடி வரும் ஊர். சித்திரையில் இந்தப் பைகளுக்குக் காலையும் மாலையும் ஊற்ற வேண்டும். "ஊத்தினாலும் பூ கொட்டிருதுங்க" என்றார். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாவிட்டால் மகரந்தம் கெட்டுக் காய் பிடிக்காது. கோடை உச்சத்தில் இரண்டு மாதம் தக்காளிக்கு ஓய்வு கொடுத்து வெண்டைக்கு மாறிவிடுகிறார். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் பழத்தின் அடி கறுத்துவிடும் என்பதும் அவர் பட்டுத் தெரிந்துகொண்டது. பைகளின் வெளிப்புறத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல ஒரு படிவு: ஆழ்துளைக் கிணற்று உப்பு. ஈரத்துணியால் துடைக்கிறார். தென்னை நார்க்கழிவையும் இரண்டு மூன்று முறை அலசி, உப்பு போன பிறகே செம்மண்ணோடும் மண்புழு உரத்தோடும் சரிபங்காகக் கலக்கிறார்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது சென்னை ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்கு விற்றது. அந்த மாதம் செடிப்பைக்கு ஆள் வரிசையாக வந்தார்களாம். விலை இறங்கியதும் ஆள் வருவது நின்றது. நாற்பது பை ஒரு வீட்டுக் குழம்புக்குத் துணை. விலை கிடைக்காமல் பழத்தைச் சாலையில் கொட்டும் விவசாயியின் சிக்கலை அது தொடாது. பாலியஸ்டர் இழை மண்ணில் உதிருமே என்ற கவலையும் எனக்கு உண்டு, அவரிடமும் சொன்னேன். "குப்பைக்குப் போறதுதானுங்களே, ரெண்டு மூணு வருசம் செடி சுமக்கட்டும்" என்றார். கவலை போகவில்லை, ஆனால் அவர் பக்கத்தில் நியாயம் இருக்கிறது.

கிளம்பும்போது அக்கா கீழே வந்துவிட்டார். எனக்காகப் பிரித்த பையை உதறி, உட்புறம் வெளியே திருப்பி, கழுவிக் கொடியில் போட்டார். துணியில் ஓர் ஓட்டையும் இல்லை. பாபினில் புது நூல் சுற்றத் தொடங்கினார்.

"காயட்டுங்க. சாயங்காலம் பக்கத்த மட்டும் ஓட்டிட்டாப் போதும்."