பேரலில் இருந்தது டீசலா?

டீசல் கடத்தல் வழக்கில் ஒருவரைத் தண்டிக்க வேண்டுமானால், பிடிபட்டது டீசல்தான் என்பதை அரசுத் தரப்பு முதலில் நிரூபித்தாக வேண்டும். இதை யாரும் பெரும்பாலும் கேள்வி கேட்பதில்லை. 2005-ஆம் ஆண்டு டீசல் கட்டுப்பாட்டு ஆணை வந்த சில ஆண்டுகளில், ஒரு மினி லாரிக்காரருக்காக நான் கேட்டேன். அவர் வாடகைக்கு ஏற்றிய பேரல்களில் இருந்தது புங்க எண்ணெயிலிருந்து காய்ச்சிய எரிபொருள். வண்டியைப் பிடித்தபோது எழுதிய மகஜரில் அது 'டீசல் போன்ற மஞ்சள் நிறத் திரவம்' ஆயிற்று. அந்த ஆணைக்கு அடிப்படையான அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் பறிமுதல் நடவடிக்கைக்கு உள்ளான வண்டியை விடுவிப்பது குற்றவியல் நீதிமன்றத்தின் கையில் இல்லை, மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. ஆகவே குற்றம் உண்டா இல்லையா என்று எவரும் பார்ப்பதற்கு முன்பே அவருடைய பிழைப்பு காவல் நிலைய வளாகத்தில் நின்றுவிட்டது.

"எல்லாரும் இதை டீசல்னுதானே சார் சொல்றாங்க" என்று அவரே என்னிடம் சொன்னார். ஆனால் டீசல் என்பது முதலில் எண்ணெயின் பெயரே அல்ல, ஒரு மனிதரின் பெயர். 1858-இல் பாரிஸில் ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்த ருடால்ஃப் டீசல், காற்றை இறுக அழுத்தினால் எழும் சூட்டிலேயே, தீப்பொறி இல்லாமல், எண்ணெய் பற்றிக்கொள்ளும் எந்திரத்துக்கு 1892-இல் காப்புரிமை கோரினார். ஆக்ஸ்பர்க் ஆலையில் அது 1897-இல் சோதனையில் தேறியது. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் அவ்வகை எந்திரம் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. அவர் பெயர் எந்திரத்துக்கு வந்து, அதில் ஊற்றும் பெட்ரோலிய எண்ணெய்க்கும் பிற்பாடு நிலைத்தது.

டீசல் எந்திரத்தில் ஊற்றினால் ஓடுகிற எதுவும் டீசலே என்று அரசு வழக்கறிஞர் வாதிட்டார். அந்த வாதம் நின்றால் பாரிஸில் ஊற்றிய கடலை எண்ணெயும் டீசலாகிவிடும். ஆணையோ எந்திரத்துக்குப் பொருந்துவதோடு நிற்கவில்லை. ஹைட்ரோகார்பன் எண்ணெயாகவும், டீசலுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 1460-ஐ எட்டியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. தாவர எண்ணெயில் காய்ச்சியதில் ஆக்சிஜனும் சேர்ந்திருப்பதால் அது ஹைட்ரோகார்பன் ஆகாது. தரத்தை எட்டவில்லை என்று அரசின் ஆய்வக அறிக்கையே சொன்னது. சரி, கலப்படம் என்று வைத்துக்கொள்ளலாமா என்றால், அதற்குள் அசல் டீசல் ஒரு சொட்டாவது இருந்ததாக அறிக்கையில் இல்லை.

மேல்முறையீட்டில் ஆட்சியரின் பறிமுதல் உத்தரவு ரத்தானது. அதற்குள் டயர்கள் வெடித்து, பேட்டரி செத்து, பைனான்ஸ் தவணையும் வட்டியும் ஏறிக் கிடந்தன. கலப்படக்காரர்களைப் பிடிக்கச் சட்டத்துக்குக் கடுமை வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதே சட்டம், வாடகை வண்டியின் உரிமையாளருக்குப் பறிமுதலுக்குப் பதிலாகச் சரக்கின் சந்தை விலைக்கு மிகாத அபராதம் கட்டும் வாய்ப்பைத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. பறிமுதல் உத்தரவில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வாடகைக்கு லோடு ஏற்றுபவர்கள், ஆட்சியரின் நோட்டீஸ் கைக்கு வந்த அன்றே அந்த வாய்ப்பை எழுத்தில் கேட்டுவிடுங்கள்.