கைமாற்று

பழைய நூலகப் புத்தகம் எது கையில் கிடைத்தாலும் முதலில் முத்திரையைத்தான் பார்ப்பேன். கள்ளக்குறிச்சியில் எங்கள் தலைமுறை படித்த புத்தகங்களில் தென்னார்க்காடு மாவட்டத்தின் பெயர் ஊதா மசியில் வட்டமாகக் குத்தியிருக்கும். 1993இல் மாவட்டம் பிரிந்தது. அதன்பின் வந்த புத்தகங்களில் விழுப்புரம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியே மாவட்டத் தலைநகர் ஆயிற்று. அலமாரியை விட்டு நகராத புத்தகம்கூட இப்படி மூன்று மாவட்டங்களில் இருந்துவிட்டது. முத்திரைக்கு அடுத்து, பின்னட்டையின் உள்பக்கம் ஒட்டிய தேதிச் சீட்டு. சில சீட்டுகளில் ஒரே ஆண்டில் தேதிகள் நெருக்கியடித்துக்கொண்டு விழுந்திருக்கும். பிறகு வருஷக்கணக்கில் ஒன்றுமிருக்காது. அந்த ஆண்டு அந்தப் புத்தகத்தைப் பற்றி யாரோ ஒருவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார் என்று அப்போதே தெரிந்துவிடும்.

எங்கள் ஊரில் அப்படிச் சொன்னவர் நூலகர். பெயர் சொன்னால் கூச்சப்படுவார், வேண்டாம். வருகிறவர்களுக்கு அலமாரியைக் கைகாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிற ஆள் இல்லை அவர். மேசை இழுப்பறையில் எப்போதும் நான்கைந்து புத்தகங்களை எடுத்து வைத்திருப்பார். இன்னாருக்கு இன்னது என்று மனசுக்குள் ஒரு கணக்கு. “தம்பி, இதப் படிச்சிருக்கியா?” என்பார். இல்லை என்று சொன்னால் அவர் முகம் மலர்கிற மலர்ச்சி இருக்கிறதே, அதற்காகவே படித்ததைக்கூடப் படிக்கவில்லை என்று சொல்லலாம் போலிருக்கும். “மொதல் நாப்பது பக்கம் பொறுத்துக்க. அப்புறம் அது ஒன்ன வுடாது.” எங்கே அலுக்கும், எங்கே பிடித்துக்கொள்ளும் என்று வழி சொல்லி அனுப்புவார்.

எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலக விதிகள் ஐந்தையும் அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்கிற இரண்டும்தான் நூலகர் வேலை, மற்றதெல்லாம் குமாஸ்தா வேலை என்பார். விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் முதலில் வந்த பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிற சனங்கள் நாம். அந்த வரியில் கட்டடமும் வந்தது, புத்தகமும் வந்தது. “படிச்சிருக்கியா” என்று கேட்க ஓர் ஆள் வேண்டுமே, அது வரியில் வருமா?

தமிழில் “படிச்சிருக்கியா” என்கிற இந்தக் கேள்வி செய்த காரியங்களில் பெரியது 1880இல் கும்பகோணத்தில் நடந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி, கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். ஐயருக்கு இருபத்தைந்து வயது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டதும் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்கிறார். ஐயர் அவற்றைக் கண்ணால் பார்த்ததுமில்லை. கேட்டதோடு முதலியார் நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். தன்னிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியையே கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை.

ஐயருக்கு ஊர் ஊராகச் சிலை வைத்தோம், சரிதான். முதலியாரின் பெயர், ஐயர் தன் வாழ்க்கையை எழுதிய ‘என் சரித்திரம்’ படித்தவர்களோடு நின்றுவிட்டது. சேலத்துக்காரர் அவர். எங்கள் கல்வராயன் மலையின் மேற்குச் சரிவு அந்தச் சேலம் மாவட்டத்தில்தான் இறங்குகிறது, கருமந்துறைப் பக்கமாக. மலைமேல் உள்ள வெள்ளிமலையில் நின்று சூரியன் சாய்கிற திசையைப் பார்க்கும்போது இந்த மனுஷர் ஞாபகம் எனக்கு வராமல் இருந்ததில்லை. பதிப்பித்தவருக்கு இருக்கிற மரியாதையில் பாதியாவது, “இது இருக்கிறது, படி” என்று கையில் கொடுத்தவருக்கு இருக்க வேண்டும்.

க.நா. சுப்ரமண்யம் அந்தக் கேள்வியையே புத்தகத்துக்குப் பெயராக வைத்தார். ‘படித்திருக்கிறீர்களா?’ என்று, தனக்குப் பிடித்த நூல்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போன கட்டுரைகள். சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். புத்தக மூட்டையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். அதற்கும் முன்னால், 1931இல், மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூலகத்தையே ஊர் ஊராக ஓட்டியிருக்கிறார். இவர்கள் யாருக்கும் இதில் காசு கிடைக்கவில்லை. தான் படித்து அசந்துபோனதை இன்னொருவர் படிக்காமல் இருக்கிறாரே என்ற ஆற்றாமை ஒன்றுதான் அவர்களை நடக்க வைத்தது. அந்த ஆற்றாமை எனக்குப் புரியும். நல்ல புத்தகத்தை முடித்த இரவில், பக்கத்தில் சொல்ல ஆளில்லாமல் புரண்டு படுத்தவர்கள் எல்லாருக்கும் புரியும்.

ஆசிரியனான எனக்குக் கல்வராயன் மலைப் பள்ளிக்கு மாறுதல் வந்தபோது நூலகரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். இழுப்பறையைத் திறந்து ‘ஆரோக்கிய நிகேதனம்’ எடுத்துக் கொடுத்தார். தாராசங்கர் பந்த்யோபாத்யாய வங்காளத்தில் எழுதியது, 1956இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது, தமிழில் த.நா. குமாரஸ்வாமி. “மலைக்குப் போற. அங்க நாடி பாக்குறவங்க இருப்பாங்க. இதப் படிச்சுட்டு அவங்ககிட்டப் பேசு” என்றார். உள்ளே ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. எங்கள் நூலகப் புத்தகங்களில் அடையாளத்துக்கு வைப்பது பெரும்பாலும் பஸ் டிக்கெட்தான். யார் எந்த ஊருக்குப் போகிற வழியில் எந்தப் பக்கத்தில் நிறுத்தினார் என்று அது சொல்லிவிடும்.

கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணை வரும். அதற்கப்புறம் ஏற்றம்தான். பஸ் வளைவு வளைவாகத் திரும்ப, காற்று குளிர்ந்துகொண்டே போகும். மேலே சாமை, மரவள்ளி, பலா, புளி. எல்லாவற்றுக்கும் மேலாகக் கடுக்காய். கல்வராயன் கடுக்காய்க்கு வெளியூரில் எப்போதும் கிராக்கி. மருந்துக்கும் தோல் பதனிடவும் போகிற காய் என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். அந்தக் காலத்தில் எழுதுகிற கறுப்பு மைக்கும் கடுக்காய்தான் என்பதை மலையில்தான் தெரிந்துகொண்டேன். கடுக்காயை நசுக்கி ஊறவைத்த தண்ணீரில் அன்னபேதி சேர்த்தால் மை திரளும். எந்தெந்தக் கணக்குப்பிள்ளை, எந்தெந்தப் புலவர் இந்த மலைச் சரக்கைத் தொட்டு எழுதினார்களோ! மலைக்காரர்களுக்கோ பள்ளிக்கூடமே நேற்றைக்கு வந்தது மாதிரிதான். ஜாகிர்தார்கள் கையிலிருந்து இந்த மலை விடுபட்டதே 1976இல்.

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் அப்படி நாடி பார்க்கிற ஒரு வைத்தியரைப் பார்த்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர். திண்ணையில் பட்டையும் வேரும் காய்ந்துகொண்டிருந்தன, ஓரத்தில் கடுக்காய்க் குவியல். கொட்டையை நீக்கித் தோலைத் தனியாக எடுத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே “வாங்க வாத்தியாரே” என்றார். பையிலிருந்த புத்தகத்தை எடுத்ததும் அது என்ன என்று கேட்டார். ஒரு நாடி வைத்தியரின் கதை என்றேன். “சொல்லுங்க.”

சொன்னேன். ஜீவன் மசாய் என்று ஒரு கிழவர். பரம்பரையாக நாடி பார்க்கிற குடும்பம். மணிக்கட்டில் விரல் வைத்தால் நோய் மட்டுமல்ல, சாவு எத்தனை நாளில் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். ஊருக்கு இங்கிலீஷ் படிப்புப் படித்த இளம் டாக்டர் வருகிறார். சாவைச் சொல்வது கொடுமை, மருந்தால் போராட வேண்டும் என்பது டாக்டர் கட்சி. சாவும் வாழ்வில் சேர்ந்ததுதான், அதை மறைப்பானேன் என்பது கிழவர் கட்சி. நான் சொல்லச் சொல்ல அவர் கை மெதுவாகி, பிறகு நின்றேவிட்டது. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சொந்தப் புள்ளைக்கு நாடி பாத்தாரா?”

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. நான் இன்னும் அந்த இடத்தைச் சொல்லவே இல்லை. கதையின் உயிரே அதுதான். மகனின் கையைப் பிடித்துப் பார்த்து, அவன் பிழைக்க மாட்டான் என்று அந்தத் தகப்பனுக்குத் தெரிந்துவிடுகிறது. “பாத்தார்” என்றேன், தெரிந்ததையும் சொன்னேன். வைத்தியர் தலையை மட்டும் அசைத்தார். “எங்கப்பாரு எங்க வூட்டு ஆளுங்களுக்குக் கை வெக்கவே மாட்டாரு. பக்கத்து ஊரு வைத்தியர வரச் சொல்லுவாரு.” பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார். எந்தக் குடும்பத்தில் எந்த மூலிகை, யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லக் கூடாது, சாவு தெரிந்தால் எந்த வார்த்தையில் சொல்வது என்று. இருட்டிவிட்டது, சாமைச் சோறு போட்டார்கள். வங்காளத்து நாவல் ஒன்றுக்கு இதைவிட நல்ல வாசகர் எங்கே கிடைத்திருப்பார்?

அடுத்த முறை கீழே இறங்கியதும் நேரே நூலகத்துக்குப் போய் இதைச் சொன்னேன். நூலகர் எழுந்து நின்றுவிட்டார். புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, மகன் வருகிற பக்கங்களைத் தேடி அங்கேயே நின்றபடி மறுபடி படித்தார். நல்ல புத்தகத்தைச் சொல்லிக் கொடுத்தவருக்குத் திரும்பி வர வேண்டிய வட்டி அதுதான் என்று நினைக்கிறேன். அவர் காணாத ஒன்று அதில் இருந்தது, வேறொருவர் கண்டு சொல்லிவிட்டார்.

உடனே இழுப்பறையிலிருந்து ‘நிலவளம்’ வந்தது. நார்வேக்காரர் க்னூட் ஹாம்சன் எழுதியது, க.நா.சு. தமிழாக்கம். ஆளில்லாத காட்டுக்குள் தனி ஆளாகப் போய் மரம் வெட்டி, கல் பொறுக்கி, நிலம் திருத்தி வாழ்கிற ஐசக்கின் கதை. மலையில் என்னோடு வேலை பார்த்த இளைஞர் ஒருவர், அந்த மண்ணிலேயே பிறந்த மலையாளிப் பழங்குடி ஆசிரியர், அதை ஒரு வாரம் கையில் வைத்திருந்தார். “சார், இது எங்க தாத்தா” என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பனி கொட்டுகிற தேசம், அவர் பார்த்தே இராத ஊசியிலைக் காடு. எதுவும் அவருக்குக் குறுக்கே நிற்கவில்லை.

பக்கத்து மண்ணின் எழுத்து வேறு விதமாக வேலை செய்தது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது, கண்மணி குணசேகரனின் ‘அஞ்சலை’ அந்தப் பத்தாண்டின் முடிவில். விருத்தாசலம் சுற்று வட்டாரத்துப் பேச்சு, எங்கள் நடுநாட்டுப் பேச்சு, அச்சில். அதுவரை நாவலில் வருகிறவர்கள் பெரும்பாலும் தஞ்சாவூர்ப் பேச்சோ திருநெல்வேலிப் பேச்சோ பேசுவார்கள். ‘அஞ்சலை’யை நான் கொடுத்த வீட்டில், பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்கு மகள் ராத்திரி ராத்திரி வாசித்துக் காட்டியிருக்கிறாள். “இவளுக்கு என்ன ஆச்சு, இன்னிக்கு வாசிக்கலையா” என்று அந்த அம்மா களத்துமேட்டில் கேட்பாராம். குணசேகரன் நடுநாட்டுச் சொற்களைத் திரட்டி அகராதியும் போட்டார். போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே இதையெல்லாம் செய்த மனிதர். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இப்போது பிள்ளைகள் நிலைமை எவ்வளவோ தேவலை. பள்ளிக் கல்வித் துறை 2023இல் வாசிப்பு இயக்கம் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் கொடுத்தது. பெரிய எழுத்து, நிறையப் படம். மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் பார்த்தேன், ‘நுழை’ வரிசைப் புத்தகம் ஒன்று கைபட்டுக் கைபட்டு ஓரம் பஞ்சாகியிருந்தது. அதை யார் அதிகம் எடுக்கிறார்கள் என்று கேட்டதற்கு, ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைக் காட்டினார்கள். பொங்கல் விடுமுறைக்கு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாட்டிக்குப் படித்துக் காட்டுவதற்காக அடிக்கொருதரம் எடுத்து ஒத்திகை பார்த்திருக்கிறாள்.

‘நிலவளம்’ படித்த இளைஞர் அதோடு விடவில்லை. எங்கள் மலையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டார். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் தமிழிலும் வந்திருக்கிறது. மலையாளிகள் பற்றிய பகுதியைத் தேடிக் கொடுத்தேன். ஒரு சாயங்காலம் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி அவர் அதை உரக்கப் படித்தார். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூவர், ஒருவர் சேர்வராயன் மலைக்கும் மற்ற இருவர் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனதாக அதில் ஒரு கதை. காஞ்சிபுரம் என்றதும் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். படித்து முடித்ததும் ஒரு பாட்டி குறுக்கிட்டார். “மூணு பேரும் மூணு மலைக்குப் போயிட்டா, நம்ம மலைக்கு வந்தது யாரு?”

அவ்வளவுதான், சபை இரண்டுபட்டது. ஆளுக்கொரு கதை. எங்கள் வீட்டில் சொல்வது வேறு என்றார் ஒருவர். சாமியைத் தூக்கிக்கொண்டு வந்த வழி எது என்பதில் இருவருக்குச் சண்டையே வந்தது. இளைஞர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு செல்பேசியில் பதிவு செய்ய ஆரம்பித்தார். அன்றிலிருந்து ஊர் ஊராகப் போய்ப் பாட்டியின் கேள்வியைக் கேட்டுப் பதில்களை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். ஊருக்கு ஊர் வழி மாறுகிறது, பெயர் மாறுகிறது. எதையும் அடிக்காமல் எல்லாவற்றையும் எழுது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியர், டபிள்யூ. பிரான்சிஸ் 1906இல் தொகுத்தது, அதிலும் இந்த மலையைப் பற்றிய பக்கங்கள் இருக்கின்றன. இளைஞருக்கு இங்கிலீஷ் அவ்வளவு ஓடாது. நகல் எடுத்து, ராத்திரியில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் எழுதித் தருகிறேன். பாதி ஆகியிருக்கிறது. கடுக்காய்ப் பறிப்பு முடிந்ததும் கருமந்துறைப் பக்கத்து ஊர்களுக்குப் போகலாம், அதற்குள் முடித்துக் கொடுங்கள் சார் என்று நேற்றுகூடப் போன் செய்தார்.